கோவேறு கழுதைக்கு யார் சாட்சி?

1871 மார்ச் 3 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் முடிந்திருந்த உள்நாட்டுப் போரின்போது, வடக்கு அரசின் படை தெற்கு மாநிலங்களுக்குள் நுழைந்து மக்களிடமிருந்து குதிரை, கோவேறு கழுதை, மாடு, பன்றி, தானியம், வண்டி என்று எடுத்துச் சென்றிருந்தது. அந்த மக்களில் அரசுக்கு விசுவாசமாக இருந்தவர்களுக்கு மட்டும் இழப்பீடு தருவது சட்டத்தின் நோக்கம். விசாரிக்க மூன்று பேர் கொண்ட ஆணையம் வாஷிங்டனில் அமர்ந்தது. சதர்ன் கிளெய்ம்ஸ் கமிஷன் என்று அதற்குப் பெயர். நாம் தெற்கத்திய இழப்பீட்டு ஆணையம் என்று சொல்லிக்கொள்வோம்.

சட்டம் போட்டவர்கள் மனதில் இருந்தவர்கள் பெரும்பாலும் விசுவாசமான வெள்ளைக்கார விவசாயிகள். ஆனால் மனு கொடுக்க வந்த கூட்டத்தில் முன்னாள் அடிமைகளும் இருந்தார்கள். அந்தக் கோவேறு கழுதை என்னுடையது, அந்த வண்டி என்னுடையது, சேணமும் கலப்பையும் என்னுடையவை என்று சொன்னார்கள். படை அவற்றைப் பிடித்துக்கொண்டு போன நாளில் இவர்களில் பலர் சட்டத்தின் கண்ணில் மனிதர்களே இல்லை, இன்னொருவரின் சொத்து. சொத்துக்குச் சொத்து எப்படி இருக்க முடியும்?

இந்தக் கேள்வியை நாங்கள் இங்கே எடுப்பதற்குக் காரணம் உண்டு. நாங்கள் வேலை செய்யும் ஊர்களில் பழைய டிராக்டர், பவர் டில்லர், டீசல் எஞ்சின், கதிரடிக்கும் இயந்திரம் போன்றவற்றை வைத்து வரும் தகராறுகள் அதிகம். பேச்சில் விற்பார்கள், பேச்சில் வாங்குவார்கள். நாலைந்து வருடம் கழித்து விற்றவரோ அவர் மகனோ வந்து, "அது வாடகைக்குத்தானே கொடுத்தோம்" என்பார்கள். ஸ்டேஷனில் நம் ஆளிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "பேப்பர் இருக்கா?" வாய்விட்டுக் கேட்காத இரண்டாவது கேள்வி ஒன்று உண்டு: "இதை வாங்க உனக்கு ஏது காசு?" அந்த இரண்டாவது கேள்வியை 1870களில் அமெரிக்க அரசு அச்சடித்தே கேட்டது. அதற்கு அந்த மக்கள் எப்படிப் பதில் சொன்னார்கள் என்பது நமக்குப் பாடம்.

சட்டம் மறுத்த உடைமை

தென் கரோலினாவின 1740ஆம் ஆண்டு அடிமைச் சட்டம், அடிமைகள் தங்களுக்கென்று படகு வைத்துக்கொள்ளவோ குதிரை, மாடு, ஆடு, பன்றி வளர்க்கவோ கூடாது என்றது. மீறினால் பறிமுதல். மற்றத் தெற்கு மாநிலங்களிலும் அடிமைக்குச் சொத்துரிமை இல்லை என்பதே சட்டம். மனுநீதியில் சண்டாளருக்கு நாயும் கழுதையுமே செல்வம் என்று விதித்திருப்பதைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உழைப்பவரிடம் உழைப்புக் கருவி சேர்ந்துவிடக் கூடாது என்பதில் இரண்டு ஒழுங்குகளும் ஒத்துப்போகின்றன.

ஆனால் நடைமுறை வேறாக இருந்தது. தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத்து நெல் வயல்களில் 'டாஸ்க்' முறை என்று ஒன்று நடந்தது. ஒரு நாளுக்கு ஒருவருக்கு இவ்வளவு வேலை என்று அளந்து கொடுப்பார்கள். பல வேலைகளுக்குக் கால் ஏக்கர் என்பது அளவு. அதை முடித்துவிட்டால் மீதிப் பொழுது அவருடையது. அந்த மீதிப் பொழுதில் அடிமைகள் தங்களுக்கென்று பயிர் வைத்தார்கள், கோழி, பன்றி வளர்த்தார்கள், விற்ற காசில் கன்றுக்குட்டி வாங்கினார்கள். சிலர் குதிரையும் வண்டியும் வாங்கும் அளவுக்கு வந்தார்கள். முதலாளிகளே அவர்களிடமிருந்து சோளமும் பன்றியும் விலைக்கு வாங்கியதுண்டு.

இதைப் பார்த்து முதலாளிகள் தாராள மனம் கொண்டவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அடிமை தன் சோற்றைத் தானே தேடிக்கொண்டால் முதலாளிக்குச் செலவு மிச்சம். நாலு பன்றி வைத்திருப்பவர் அவற்றை விட்டுவிட்டுத் தப்பியோட யோசிப்பார் என்ற கணக்கும் உண்டு. முதலாளி நினைத்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். சட்டம் அவர் பக்கம். இருந்தும் ஒரு வழக்கம் வேரூன்றியது. இன்னாருடைய மாடு, இன்னாருடைய வண்டி என்று எல்லோரும் பேசினார்கள், எல்லோரும் மதித்தார்கள்.

விடுவிக்க வந்த படை

1864 டிசம்பரில் ஜெனரல் ஷெர்மனின் படை ஜார்ஜியாவைக் கடந்து கடற்கரைக்கு வந்தது. சவான்னா நகருக்குத் தெற்கே உள்ள லிபர்டி மாவட்டம் அந்தப் பாதையில் இருந்தது. அடிமைகளுக்கு விடுதலை கொண்டுவந்த படை அது. அதே படைக்குப் பசியும் இருந்தது. வெள்ளைக்காரர் பண்ணையில் எடுத்ததோடு நிற்கவில்லை. அடிமைக் குடிசைகளிலும் நுழைந்து பன்றியை அறுத்தது, சோளத்தை அள்ளியது, குதிரையை அவிழ்த்தது.

1865 ஜனவரி 16 அன்று ஷெர்மன் ஓர் ஆணை போட்டார். கடலோர நிலங்களை விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுப்பதாகச் சொன்ன ஆணை அது. நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும் என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது. சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் புதிய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்க வைத்தார். நம் பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொடுத்த நிலமும் போனது, வைத்திருந்த கழுதையும் போனது. இந்த நிலையில்தான் 1871இன் ஆணையம் வந்தது.

"காசு எங்கிருந்து வந்தது?"

ஆணையம் ஒரு கேள்விப் பட்டியலை அச்சிட்டு, தெற்கே சாட்சியம் பதிவு செய்யும் அலுவலர்களுக்கு அனுப்பியது. எல்லோருக்கும் பொதுவான கேள்விகள் பல. முன்னாள் அடிமைகளுக்கென்று தனிக் கேள்விகள் சில இருந்தன. அவற்றின் சாரம் இது: இந்தப் பொருள் உனக்கு விடுதலைக்கு முன்பே சொந்தமா, பிறகா? எப்படிச் சொந்தமானது, யாரிடம் வாங்கினாய்? அதற்குக் கொடுக்கப் பணம் எங்கே கிடைத்தது? உன் முதலாளி யார், உயிரோடு இருக்கிறாரா? அவர் உனக்குச் சாட்சி சொல்கிறாரா, இல்லையென்றால் ஏன்? இப்போதும் அவரிடம்தான் வேலை செய்கிறாயா? அவர் நிலத்தில் குடியிருக்கிறாயா? அவருக்குக் கடன்பட்டிருக்கிறாயா? இந்த மனுவில் வேறு யாருக்காவது பங்கு உண்டா?

கடைசிக் கேள்விகளைக் கவனியுங்கள். பிரிவினை பக்கம் நின்ற முதலாளிக்கு இழப்பீடு கிடையாது. அவர் தன் பழைய அடிமையின் பெயரில் மனு போட்டுப் பணத்தை வாங்கிவிடுவாரோ என்ற சந்தேகம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், நீ பினாமிதானே என்ற கேள்வி. இதில் ஓரளவு நியாயம் உண்டு. அப்படிப்பட்ட மோசடி நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் சுமை முழுவதும் பறிகொடுத்தவர் தலையில் விழுந்தது. வெள்ளைக்கார விவசாயியிடம், குதிரை வாங்க உனக்கு ஏது காசு என்று இப்படித் தனியாக யாரும் கேட்கவில்லை.

சேரிக்காரர் டிராக்டர் வாங்கினால் அவருக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்ற பேச்சு எழுவதும், ஊர்த்தெருக்காரர் வாங்கினால் உழைத்து வாங்கினார் என்று சொல்வதும் நமக்குப் பழகிப்போனவை. இரண்டு நாட்டிலும் சந்தேகம் ஒரே திசையில்தான் பாய்கிறது.

காகிதம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

ரசீது கிடையாது. அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதையே பல தெற்கு மாநிலங்கள் குற்றமாக வைத்திருந்தன. அந்த மக்கள் காட்டியது மனிதர்களைத்தான்.

பக்கத்துக் குடிசைக்காரர் வந்து, அந்தக் குதிரையைக் குட்டியாக இருந்ததிலிருந்து இவர் வளர்த்ததைப் பார்த்தேன் என்றார். இன்னொருவர், ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில்தான் இவர் தேவாலயத்துக்கு வருவார் என்றார். உறவுக்காரர், கன்றை வாங்கப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று சொன்னார். படை அவிழ்த்துக்கொண்டு போனதை நேரில் கண்டவர் அதைச் சொன்னார். சில மனுக்களில் பழைய முதலாளிகளே வந்து, ஆமாம், அது அவருடையதுதான் என்று சாட்சி சொன்னார்கள்.

இதை ஆழமாக ஆராய்ந்தவர் டிலன் பென்னிங்ராத் என்ற வரலாற்று ஆய்வாளர். 2003இல் வந்த அவருடைய நூல், கின்ஃபோக் என்ற உறவுக்கூட்டத்தின் உரிமைகோரல்களைப் பற்றியது. அவர் காட்டும் முக்கியமான விஷயம் இது: சட்டம் காப்பாற்றாத இடத்தில் அந்த மக்கள் தங்கள் உடைமையைக் கண் முன்னால் வைத்துக் காப்பாற்றினார்கள். பொருளை முற்றத்தில் வைத்தார்கள், எல்லோரும் பார்க்கப் பயன்படுத்தினார்கள், இது இன்னாருடையது என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. உடைமை என்பது ஒரு மனிதருக்கும் ஒரு பொருளுக்கும் இடையிலான சங்கதியாக மட்டும் இருக்கவில்லை. சுற்றியிருந்த உறவுகளும் அண்டை வீட்டாரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒன்றாக இருந்தது.

ஆணையம் இந்தச் சாட்சியங்களை ஏற்றது. அடிமைக்குச் சட்டப்படி சொத்தே இருக்க முடியாது என்று சொல்லி எல்லா மனுக்களையும் மொத்தமாகத் தள்ளியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. முதலாளியும் ஊரும் ஒப்புக்கொண்ட வழக்கமே உடைமைக்குப் போதும் என்ற நிலைக்கு வந்தது. சட்டப் புத்தகம் இல்லை என்று சொன்ன ஒன்றை, மக்களின் சாட்சி அரசின் வாயாலேயே உண்டு என்று சொல்ல வைத்தது.

அதற்காக வெற்றிக் கதையாக எழுதிவிட முடியாது. ஆணையத்துக்கு வந்த மொத்த மனுக்கள் 22,298. கேட்கப்பட்ட தொகை 6 கோடி டாலருக்கு மேல். 1880இல் வேலை முடிந்தபோது கொடுக்கப்பட்டது சுமார் 46 லட்சம் டாலர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மனுக்கள்தான் முழுதாகவோ பகுதியாகவோ தேறின. இது வெள்ளையர், கறுப்பர் எல்லோரையும் சேர்த்த கணக்கு. படைக்குத் தேவையான பொருள் என்றால்தான் காசு. குடிசையில் அள்ளிய துணிமணி, படுக்கை ஆகியவை கொள்ளையின் கணக்கில் போய்விட்டன. தேறிய மனுவிலும் கேட்டதை வெட்டிக் குறைத்தே கொடுத்தார்கள்.

பாதியா, காலா?

விடுதலைக்குப் பிறகு கோவேறு கழுதையின் மதிப்பு இன்னும் கூடியது. காரணம் வாரக் கணக்கு.

நிலம் திரும்பவும் வெள்ளையர் கைக்குப் போனதால் கறுப்பின மக்கள் வாரத்துக்கு உழ வேண்டியதாயிற்று. இதில் இரண்டு நிலைகள் இருந்தன. கையை மட்டும் கொண்டுவந்து, கழுதை, கலப்பை, விதை எல்லாம் நில உடைமையாளருடையது என்றால் விளைச்சலில் பாதி அவருக்கு. சொந்தக் கழுதையும் சொந்தக் கருவியும் கொண்டுவந்தால் பல இடங்களில் சோளத்தில் மூன்றில் ஒரு பங்கு, பருத்தியில் கால் பங்கு கொடுத்தால் போதும்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்றும் உண்டு. தெற்கு மாநிலச் சட்டங்களும் நீதிமன்றங்களும், கையை மட்டும் கொண்டுவருபவரைக் குத்தகைதாரர் என்று பல இடங்களில் ஏற்கவில்லை. அவர் கூலியாள், விளைச்சல் நில உடைமையாளருடையது, கூலியைப் பொருளாக வாங்குகிறார், அவ்வளவுதான் என்றன. தான் விளைவித்த பருத்தியை அவரால் தானாக விற்க முடியாது. விற்றால் திருட்டு.

ஆகவே இந்தக் கழுதை யாருடையது என்ற தகராறு ஒரு விலங்கின் விலையோடு முடியவில்லை. பருத்தியில் பாதி போகுமா, கால் போகுமா என்பதும், உழுபவர் கூலியாளா விவசாயியா என்பதும் அதில்தான் தொங்கின. நில உடைமையாளர்களும் கடைக்காரர்களும் கழுதையைக் குறிவைத்தது இதனால்தான். வருடம் முழுவதும் கடனுக்கு உப்பு, மாவு, உரம் கொடுத்து, விளைச்சலின் மேல் ஓர் ஈடு, கழுதை, வண்டி, கலப்பையின் மேல் இன்னோர் ஈடு எழுதி வாங்கினார்கள். கணக்குப் புத்தகம் அவர்கள் கையில். வருடக் கடைசியில் கடன் தீர்ந்ததா இல்லையா என்று சொல்பவரும் அவர்களே.

அலபாமா, 1932

அலபாமா மாநிலத்தின் டல்லபூசா மாவட்டத்தில் 1931இல் வாரக் குடியானவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் உதவியோடு வளர்ந்த ஷேர் கிராப்பர்ஸ் யூனியன் அது. 1932 டிசம்பர் 19 அன்று, கிளிஃபோர்ட் ஜேம்ஸ் என்ற கறுப்பின விவசாயியின் கோவேறு கழுதைகளையும் மாடுகளையும் கடனுக்காக ஜப்தி செய்ய ஷெரீஃபின் ஆள் வந்தார். அந்தக் கழுதைகள் போனால் அடுத்த வருடம் உழவு இல்லை. சங்கத் தோழர்கள் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் நெட் காப். அவருக்கு அந்தக் கடனில் எந்தத் தொடர்பும் கிடையாது. பக்கத்து விவசாயி, சங்க உறுப்பினர், அவ்வளவே. அன்று நடந்த துப்பாக்கிச் சண்டையில் நெட் காப் சுடப்பட்டார். கிளிஃபோர்ட் ஜேம்ஸ் காயத்தோடு சிறைக்குப் போய் அங்கேயே இறந்தார். நெட் காப் 1945 வரை சிறையில் இருந்தார்.

எழுதப் படிக்கத் தெரியாத அந்த முதியவரின் வாழ்க்கைக் கதையை தியோடர் ரோசன்கார்டன் ஒலிப்பதிவு செய்து தொகுத்தார். ஆல் காட்ஸ் டேஞ்சர்ஸ் என்ற அந்த நூல் 1974இல் வந்தது. அதில் அவர் எந்தெந்தக் கழுதையை எப்போது, எவரிடம், என்ன விலைக்கு வாங்கினார், அதன் குணம் என்ன என்று நினைவிலிருந்தே சொல்லிக்கொண்டு போகிறார். கையில் பத்திரம் இல்லாதவரின் பதிவேடு அது. இன்னொரு இடமும் முக்கியம். நில உடைமையாளர் நீட்டிய ஒரு கடன் பத்திரத்தை, எழுத்தறிந்த அவர் மனைவி வாங்கிப் படிக்கிறார். கழுதை, மாடு, வண்டி என்று வீட்டில் உள்ள எல்லாமே அதில் ஈடாக எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டு, கையெழுத்துப் போட விடாமல் தடுக்கிறார். கல்வி எப்படி ஒரு குடும்பத்தின் உடைமையைக் காக்கும் என்று நம் மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நேரான உதாரணம் தேவையில்லை.

மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமரின் குடும்பத்துக்கு நடந்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இருபது பிள்ளைகளில் கடைசியாக 1917இல் பிறந்தவர் அவர், பின்னாளில் வாக்குரிமைப் போராட்டத்தின் பெரிய தலைவர். வாரத்திலிருந்து மேலே வந்து, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சொந்தமாகக் கழுதைகளும் உழவுக் கருவிகளும் வாங்கினார் அவர் அப்பா. அந்தக் கழுதைகளின் தீவனத்தில் விஷம் வைக்கப்பட்டது. செய்தது ஒரு வெள்ளைக்காரர் என்று ஹேமர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். குடும்பம் திரும்பவும் பாதி வாரத்துக்கே போனது. வழக்குப் போட்டு எடுத்துக்கொள்ள முடியாதபோது அழித்துவிடுவது இன்னொரு வழி. நம் பக்கம் மோட்டார் ஒயரை அறுப்பதும், டேங்கில் மண்ணைப் போடுவதும் யாருக்கும் தெரியாதவை இல்லை. ஹேமர் 1969இல் ஃப்ரீடம் ஃபார்ம் என்ற கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கியதன் பின்னால் இந்த அனுபவமும் இருக்கிறது. ஒரே குடும்பத்தின் கையில் இருப்பதை அழிப்பது சுலபம், பல குடும்பங்களின் பெயரில் இருப்பதை அழிப்பது கடினம்.

நூற்றாண்டு கடந்தும் அதே கேள்வி

1997இல் கறுப்பின விவசாயிகள் அமெரிக்க விவசாயத் துறை மீது வழக்குத் தொடுத்தார்கள். நிலத்துக்கும் டிராக்டருக்கும் விதைக்கும் அரசு கொடுக்கும் கடனில் தங்களை இனம் பார்த்து ஒதுக்கினார்கள் என்பது புகார். பிக்ஃபோர்ட் வழக்கு என்று பெயர். 1999இல் சமரசத் தீர்ப்பு வந்தது. நீதிபதி தன் தீர்ப்புரையை நாற்பது ஏக்கர், ஒரு கோவேறு கழுதை என்ற பழைய வாக்குறுதியிலிருந்தே தொடங்கினார்.

இங்கேயும் காகிதம்தான் சிக்கல். துறையின் மனித உரிமைப் புகார் பிரிவு 1980களில் முடங்கிப்போயிருந்ததால் புகார்களை விசாரிக்கவே இல்லை. விவசாயிகளிடமும் பழைய விண்ணப்ப நகல்கள் இல்லை. அதனால் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. முழு ஆதாரம் உள்ளவர்கள் முழு இழப்பையும் கேட்டு வாதாடலாம். ஆதாரம் குறைந்தவர்கள் தளர்த்தப்பட்ட சாட்சிய அளவில் தேறினால் 50,000 டாலரும் கடன் தள்ளுபடியும் பெறலாம். ஆனால் இரண்டாவது வழியில் போனவர்களும், தங்களைப் போன்ற நிலையில் இருந்த ஒரு வெள்ளைக்கார விவசாயிக்குத் தங்களைவிட நல்ல சலுகை கிடைத்தது என்று ஆளைக் குறிப்பிட்டுக் காட்ட வேண்டும். அந்த விவரம் இருப்பதோ அரசின் அலமாரியில். 15,000க்கும் மேற்பட்டோர் இந்த வழியில் தேறினார்கள், ஆயிரக்கணக்கானோர் தள்ளப்பட்டார்கள். காலக்கெடு தெரியாமல் பிந்தி வந்தவர்கள் 60,000க்கும் மேல். அவர்களுக்காக 2010இல் 125 கோடி டாலருக்கு இரண்டாவது சமரசம் செய்ய வேண்டியதாயிற்று.

1870களையும் 1990களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். ஆவணம் ஒரு சாராரிடம் இல்லாமல் போனது தற்செயலாக நடந்ததில்லை. முதலில் எழுத்தை மறுத்தார்கள், பிறகு எழுத்தைக் கேட்டார்கள். இதை உடைத்த ஒவ்வொரு தடவையும் உதவியது, கூட்டாக நின்ற சாட்சியும், அந்தச் சாட்சியை ஏற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்திய அரசியல் அழுத்தமும்தான்.

நம் கையில் உள்ள சட்டம்

1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மக்களின் நிலையும் ஒத்திருப்பதை அவர் அதில் சுட்டிக்காட்டினார். அந்த உறவை வணக்கத்தோடு நிறுத்தாமல், அங்கே கற்றதை இங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம்.

முதலில், பேச்சில் நடந்த விற்பனை செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி விற்பனை ஒப்பந்தம் எழுத்திலும் இருக்கலாம், வாய்மொழியாகவும் இருக்கலாம். அடுத்தது அதைவிட முக்கியம். 1872இன் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 113ஆம் பிரிவு. ஒரு பொருள் ஒருவர் கைவசம் இருப்பது காட்டப்பட்டால், அவர் உரிமையாளர் இல்லை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஐந்து வருடமாக நம் ஆள் ஓட்டிக்கொண்டிருக்கும் பவர் டில்லரை வாடகைக்குத்தான் கொடுத்தேன் என்று ஒருவர் சொன்னால், வாடகை வாங்கியதை அவர் காட்டட்டும். பஞ்சாயத்தில் இந்தச் சுமையைத் தலைகீழாக நம் ஆள் மேல் ஏற்றிவிடுவார்கள். அங்கே உட்காரும் தோழர்கள் இந்தப் பிரிவை எழுதி வைத்துக்கொண்டு போக வேண்டும்.

டிராக்டரும் டிரெய்லரும் வேறு வகை. அவை பதிவு செய்ய வேண்டிய வாகனங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமையாளர் என்றால் பதிவில் பெயர் உள்ளவர். ஆர்.சி. புத்தகம் பழைய ஆள் பெயரிலேயே கிடந்தால் நம் பேச்சு பலவீனமாகிறது. ஆனால் அது விற்றவருக்கும் ஆபத்து. பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட இழுத்தடிப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பல நேரம் வேலை நடக்கும். 29, 30ஆம் எண் படிவங்கள் பெயர் மாற்றத்துக்கு. பைனான்ஸ் இருந்தால், டியூ முடிந்ததற்கான சான்றும் 35ஆம் எண் படிவமும் வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். விற்பவருக்கு இல்லாத உரிமையை அவரால் நமக்கு விற்க முடியாது. அதே நேரம், டியூ பாக்கி என்று அடியாட்களை அனுப்பி வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007இல் கண்டித்திருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தகராறு முற்றி வண்டியைப் போலீஸ் பிடித்துப்போனால் நம் மக்கள் பாதி நம்பிக்கையை இழந்துவிடுகிறார்கள். மழையிலும் வெயிலிலும் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் டிராக்டரின் டயரும் பேட்டரியும் ஒரே பருவத்தில் போய்விடும். பிடித்த வண்டிகளை நீண்ட நாள் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது என்று 2002இல் ஒரு குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451ஆம் பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். 497ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் இடைக்காலப் பொறுப்பு கேட்டு உடனே மனுப் போடலாம். உழவு தொடங்கும் தேதியை மனுவில் எழுதுங்கள். பறித்துக்கொண்ட பொருளைத் திரும்பக் கேட்டு உரிமையியல் வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டுகள் அவகாசம். பெரியவர்கள் பேசி முடிப்பார்கள் என்று காத்திருப்பதில் அந்த மூன்று ஆண்டும் கரைந்துவிடும். அமெரிக்காவில் பிந்தி வந்த 60,000 பேரை மறக்க வேண்டாம்.

பதிவு தேவைப்படாத பொருள்கள்தான் அதிகம்: ரோட்டவேட்டர், கலப்பை, எஞ்சின், ஸ்பிரேயர், கதிரடிக்கும் இயந்திரம். இவற்றுக்கு லிபர்டி மாவட்டத்து மக்களின் வழியே நமக்கும் வழி. அவர்கள் முதலில் இழந்தார்கள், ஆறேழு வருடம் கழித்துச் சாட்சி தேடினார்கள். அதற்குள் சாட்சிகளில் பலர் இறந்திருப்பார்கள், ஊர் மாறியிருப்பார்கள். நாம் தகராறுக்கு முன்பே சாட்சியைச் சேர்த்து வைக்கலாம்.

அதற்குப் பெரிய அமைப்பு வேண்டாம். தெருவுக்கு ஒரு கெட்டி அட்டை நோட்டு போதும். யாரிடம் என்ன கருவி இருக்கிறது, இயந்திரத்தில் அடித்துள்ள எண் என்ன, எந்த மாதம் யாரிடம் வாங்கினார், என்ன விலை, பணம் கையிலா வங்கியிலா, பேச்சு நடந்தபோது யார் யார் இருந்தார்கள் என்று எழுதி, இருவர் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். பொருளோடு உரிமையாளர் நிற்கும் ஒரு போட்டோவைத் தேதியோடு எடுத்து வையுங்கள். உழவு ஓட்டியதற்கு வாங்கிய கூலி, பழுது பார்த்த ஒர்க்‌ஷாப் பில், டீசல் பில் எல்லாம் ஒரு கவரில் இருக்கட்டும். இந்த நோட்டு கிரயப் பத்திரம் ஆகிவிடாது. ஆனால் நாளை ஸ்டேஷனிலோ நீதிமன்றத்திலோ ஒருவர் நிற்கும்போது, அவர் பின்னால் ஒரு தெருவே நிற்பதை அது காட்டும்.

கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வரும் தோழர்கள் இந்த வேலையைத் தொடங்கலாம். உங்கள் தெருவில் கேளுங்கள். முதலில் பெண்களிடம் கேளுங்கள். எந்த நகையை அடகு வைத்து, எந்தக் குழுக் கடனில், எந்தத் தீபாவளிக்கு முன்னால் அந்த எஞ்சின் வீட்டுக்கு வந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கான பதில் அவர்களிடம் இருக்கிறது. அதை எழுதி வையுங்கள்.